டின்னில் ருசி எது, ‘கிக்’ எது?

போன மே மாதம், அக்னி நட்சத்திரத்தின் நடுவில் அக்கா மகன் காட்பாடியிலிருந்து வரும்போது சில டின்கள் வாங்கி வந்தான். மேலே மாதுளம்பழப் படம். கீழே ‘எனர்ஜி டிரிங்க்’, ‘அன்ஸ்வீட்டன்ட்’ என்று இரண்டு வரி. சர்க்கரையும் கிடையாது, சர்க்கரைக்குப் பதிலாகப் போடுகிற எதுவும் கிடையாது.

அக்கா ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள். “இன்னாடா இது, சக்கர போட மறந்துட்டானுங்களா? ருசியே இல்ல.”

மகனுக்கு வேறு அனுபவம். “மாமா, ஒரே மொடக்குதான் உட்டேன். அதுக்குள்ள ஜிவ்வுன்னு ஏறிடுச்சு!”

அக்கா வீட்டுக்காரர் ஒரு டின்னை முழுசாகக் காலி செய்தார். “ஒண்ணுமே தெரியல, சோடா மாதிரி கீது” என்று இரவு ஏழரை மணிக்குச் சொன்னவர், ஒரு மணிக்கு மொட்டை மாடியில் தூக்கம் வராமல் உலாத்திக்கொண்டிருந்தார்.

மூவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் மூவரும் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொண்டார்கள். இனிப்பு இல்லாததை ருசி இல்லாதது என்றாள் அக்கா. வாயில் சுரீரென்றதைக் கிக் என்றான் மகன். உடனே தெரியாததை வேலை செய்யாதது என்றார் அத்தான். டீக்கடையிலும் கல்லூரி வாசலிலும் இந்தப் பானங்களைப் பற்றிக் காதில் விழும் பேச்சில் பாதி, இந்த மூன்றில் ஒன்றுதான்.

முதலில் டின்னைத் திருப்புங்கள்

முன்பக்கம் படம்; செய்தி பின்பக்கம். அங்கே ஒன்றுபோல் தோன்றும் மூன்று வார்த்தைகள் வரும்.

‘சுகர் ஃப்ரீ’ என்றால் இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி 100 மில்லியில் சர்க்கரை அரை கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அவ்வளவுதான். சுக்ரலோஸ் போன்ற இனிப்பூட்டி இருக்கலாம். அது சர்க்கரையைப் போல் ஏறத்தாழ 600 மடங்கு இனிப்பது, சிட்டிகை போதும். ‘நோ ஆடட் சுகர்’ என்றால் தனியாகச் சர்க்கரை கொட்டவில்லை என்று பொருள். பழத்தோடு வந்த சர்க்கரை அப்படியே இருக்கும். 100 மில்லி திராட்சைச் சாற்றில் தானாகவே சுமார் 15 கிராம் இருக்கிறதே! ‘அன்ஸ்வீட்டன்ட்’ என்றால் இனிப்புக்காக எதையுமே சேர்க்கவில்லை. நம் கட்டுரை இந்த மூன்றாவது ஆளைப் பற்றியது.

அடுத்துப் பார்க்க வேண்டியது காஃபீன் அளவு. காஃபீன் என்பது காபிக்கொட்டையிலும் தேயிலையிலும் இயற்கையாக உள்ள, தூக்கக் கலக்கத்தைத் தள்ளிப்போடும் கசப்புப் பொருள். இந்தியாவில் இத்தகைய பானத்தில் லிட்டருக்கு 145 மில்லிகிராமுக்குக் குறையாமலும் 300 மில்லிகிராமுக்கு மிகாமலும் காஃபீன் இருக்கலாம். ஆக, 250 மில்லி டின்னில் அதிகபட்சம் 75 மில்லிகிராம். ஒரு நல்ல கோப்பை காபியிலும் கிட்டத்தட்ட இந்த அளவு இருக்கும். வீட்டு ஃபில்டர் காபியில் எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்வது கடினம். டிகாக்‌ஷன் எவ்வளவு கெட்டி, தூளில் எவ்வளவு சிக்கரி என்பதைப் பொறுத்தது அது. சிக்கரியில் காஃபீன் அறவே கிடையாது. நிறம் கறுப்பாக இருப்பதால் காபி ‘ஸ்ட்ராங்’ என்று நினைக்கிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

பழப் படத்தை நம்பிவிட வேண்டாம். பழச்சாறு எத்தனை சதவீதம் என்று பொடி எழுத்தில் இருக்கும். பல டின்களில் பழத்தின் மணம் மட்டுமே இருக்கும், பழம் இருக்காது.

இதுவரை: ‘சர்க்கரை இல்லை’ என்பதும் ‘இனிப்பு இல்லை’ என்பதும் ஒன்றல்ல. டின்னுக்குள் கிக்குக்குப் பொறுப்பு காஃபீன். அதன் அளவு பின்பக்கம் இருக்கிறது.

“ஸ்வீட்டா, சால்ட்டா?”

வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எந்தச் சோடாக் கடையில் லெமன் சோடா கேட்டாலும் கடைக்காரர் திருப்பிக் கேட்கும் கேள்வி இது. ‘சால்ட்’ என்று சொல்லி வாங்கிக் குடித்த எவரும் இனிப்பில்லாத பழ பானத்துக்குப் புதியவர் அல்ல. எலுமிச்சைச் சாறு, உப்பு, சோடா. அதில் சர்க்கரை இல்லையே என்று யாரும் புகார் சொன்னதில்லை. அதே ஆள் டின்னைத் திறந்து மாதுளைப் படத்தைப் பார்த்ததும் இனிப்பை எதிர்பார்க்கிறார். ஏமாற்றம் பாதி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

மீதிப் பாதிக்குக் காரணம் நாக்கு. கல்யாண வீட்டில் தவில் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அவர் பேசுவதை நிறுத்திவிடவில்லை, தவில் அமுக்கிவிட்டது. சுவைகளும் இப்படித்தான். இரண்டு சுவைகள் கலக்கும்போது ஒன்று மற்றொன்றின் வேகத்தைக் குறைத்துக் காட்டுவதற்குச் ‘சுவை அடக்கம்’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். சர்க்கரைதான் அங்கே தவில். சாதாரண எனர்ஜி டிரிங்கில் புளிப்பு கடுமையாகவே இருக்கும். காஃபீனின் கசப்பும் உள்ளே உண்டு. கொட்டிய சர்க்கரை இரண்டையும் அமுக்கி வைத்திருந்தது. சர்க்கரையை எடுத்துவிட்டால் புதிதாக எதுவும் சேராமலேயே புளிப்பும் கசப்பும் எழுந்து நிற்கும். அக்கா “ருசியே இல்ல” என்று சொன்னது உண்மையில் ருசி அதிகமாகிப் போனதால்.

உப்பு இந்த விளையாட்டில் வேறு பக்கம் ஆடும். அது கசப்பை மட்டும் நன்றாகத் தணிக்கும். பாகற்காயை உப்பில் பிசறி வைக்கும் பழக்கத்தில் தண்ணீரோடு கசப்பு வெளியேறுவது ஒரு பங்கு. மீந்த உப்பு நாக்கில் கசப்பை மங்கச் செய்வது இன்னொரு பங்கு. சோடாக் கடைக்காரர் போடும் உப்பு எலுமிச்சையின் கசந்த ஓரத்தை இப்படித்தான் மழுங்கடிக்கிறது. இந்த உப்பு கடைசியில் மறுபடியும் வரும்.

ஒரு சுவையின் அளவு அதற்கு முன் வாயில் இருந்ததைப் பொறுத்தும் மாறும். நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்த எவருக்கும் இது தெரியும். வெறும் தண்ணீர் தித்திக்கும். பல் விளக்கிய உடன் ஆரஞ்சு குடித்தால் கசப்பதற்குப் பற்பசையின் நுரைப்பொருள் காரணம். பால்கோவா தின்றுவிட்டு இந்த டின்னைத் திறந்தால் அது படுதோல்விதான். ஆற்காட்டு மக்கன் பேடா தின்றுவிட்டுத் திறந்தால் கேட்கவே வேண்டாம்.

பழம் மூக்கில் இருக்கிறது

நாக்குக்குத் தெரிந்தவை இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, உமாமி எனப்படும் குழம்புச் சாறுபோன்ற சுவை, அவ்வளவே. மாதுளை, நாவல், மாங்காய் என்பதையெல்லாம் நாக்கு அறியாது. விழுங்கும்போது வாயின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் ஆவிதான் பழத்தின் பெயரைச் சொல்கிறது. இதற்குப் ‘பின்நாசி மணம்’ என்று பெயர். ஜலதோஷம் பிடித்த நாளில் ரசம் வெறும் புளித்தண்ணீராகத் தெரிவது இதனால்தான்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு டின்னில் ஒரு வாய் குடியுங்கள். புளிப்பும் கசப்பும் சுரீரும் இருக்கும், பழம் காணாமல் போகும். மூக்கை விட்டதும் மாதுளை ‘வந்து’ சேரும். வரவில்லையென்றால், குறை அந்தப் பானத்தில் இருக்கிறது.

இங்கே ஒரு வேடிக்கை. நாம் பழத்தை எப்போதும் இனிப்போடு சேர்த்தே தின்று பழகியவர்கள். அதனால் மூளை அந்த மணத்தையே பாதி இனிப்பாக எடுத்துக்கொள்கிறது. மணம் இருந்து இனிப்பு வராதபோது மணமும் பொய்யாகத் தோன்றுகிறது, ‘சென்ட் வாசனை’ என்கிறார்கள். இதற்குப் பழகாத நாக்குக்கு முதல் டின்னில் தீர்ப்புச் சொல்லும் உரிமை இல்லை என்பது என் கட்சி. மாங்காய், கொடுக்காப்புளி மாதிரிப் புளிப்பாகவும் துவர்ப்பாகவும் தின்றே பழகிய பழங்களின் மணத்தில் இந்த முரண் குறைவு. மாம்பழ மணம் போட்ட இனிப்பில்லாத டின்னைவிட மாங்காய் மணம் போட்டது நமக்கு இதமாக இருக்கும்.

நாக்கின் நுனியில் இனிப்பு, பின்னால் கசப்பு என்று பள்ளியில் படம் வரைந்தோமே, அது தவறு. 1901இல் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வைப் பிற்பாடு தப்பாகப் புரிந்துகொண்டதில் பிறந்த படம் அது. நாக்கின் எல்லாப் பகுதியும் எல்லாச் சுவையையும் உணரும்.

அந்த ‘ஜிவ்’ யாருடையது?

முதல் மடக்கிலேயே ஏறியதாக அக்கா மகன் சொன்னது காஃபீன் அல்ல. அது அதற்குள் வயிற்றைக்கூடச் சரியாகச் சேர்ந்திருக்காது. அவன் உணர்ந்தது வாயிலேயே முடிந்துபோகிற மூன்று விஷயங்கள்: குளிர்ச்சி, புளிப்பு, கேஸ்.

கேஸ் என்று நாம் சொல்வது கரியமில வாயு, அதாவது கார்பன் டைஆக்சைடு. குமிழி நாக்கில் வெடிப்பதால் சுரீரென்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். நடப்பது அதுவல்ல. நாக்கில் உள்ள ஒரு நொதி அந்த வாயுவை நொடியில் கார்பானிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. அந்த அமிலம், மிளகாய்க் காரத்தை மூளைக்குச் சொல்லும் அதே டிரைஜெமினல் என்ற முக உணர்வு நரம்பைத் தட்டுகிறது. ஆக, சோடாவின் சுரீர் என்பது சுவையைவிடக் காரத்துக்கு நெருங்கிய உறவு, மெல்லிய வலி. இதற்கு அழகான சாட்சி ஒன்று உண்டு. மலையேறுபவர்கள் உயரத்தில் வரும் தலைச்சுற்றலுக்கு அசிட்டசோலமைடு என்ற மாத்திரை போடுவார்கள். கண் அழுத்த நோய்க்கும் டாக்டர்கள் கொடுக்கும் மாத்திரைதான். அது அந்த நொதியை முடக்கிவிடும். அதைப் போட்டுக்கொண்டு மலை உச்சியில் பீர் குடித்தவர்கள் சப்பென்று இருக்கிறது என்றார்கள். குமிழி எல்லாம் இருந்தது, சுரீர் மட்டும் இல்லை.

வேலூர் வெயிலில் இதற்கு ஒரு பின்விளைவு. 25 டிகிரித் தண்ணீரில் கரையும் கார்பன் டைஆக்சைடு, உறைநிலைக்கு அருகில் உள்ள தண்ணீரில் கரைவதில் பாதிகூட இல்லை. மதியம் கோட்டை எதிரில் டின்னைத் திறந்து பேசிக்கொண்டே நின்றால் பத்து நிமிடத்தில் சுரீரும் குளிர்ச்சியும் ஓடிப்போகும்; எஞ்சுவது வெதுவெதுப்பான கசப்பு. சர்க்கரை போட்ட பானமானால் அந்த நேரத்தில் இனிப்பு தூக்கலாகி முன்னால் வந்து நிற்கும், ஏனென்றால் சூடு ஏற ஏற இனிப்பு கூடுதலாகத் தெரியும். இதற்கு அந்தத் துணையும் இல்லை.

இதுவரை: புளிப்பும் கசப்பும் நாக்கில், பழம் மூக்கில், சுரீர் முக உணர்வு நரம்பில். இவற்றில் எதுவும் கிக் அல்ல.

துண்டு போட்டு இடம் பிடிக்கும் காஃபீன்

கிக் என்றாலே நம் ஊரில் வேறு கடை ஞாபகம் வரும். சாராயத்தின் கிக் மூளையை மந்தமாக்குவது. இது மந்தத்தை மறைப்பது. இரண்டும் எதிர்த் திசை.

பௌர்ணமியன்று வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குக் கிரிவலப் பேருந்தில் ஏறியவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். வண்டி வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு விழும். துண்டு கிடக்கும் இருக்கையில் ஆள் உட்காரவில்லை. ஆனால் வேறு யாரும் உட்காரவும் முடியாது.

நாம் விழித்திருக்கும் நேரம் கூடக் கூட மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது மூளைச் செல்களில் தனக்கென்று உள்ள இருக்கைகளில் போய் உட்கார உட்கார, ‘போதும், படு’ என்ற செய்தி வலுக்கும். அதுதான் தூக்கக் கலக்கம். காஃபீனின் உருவம் அடினோசினின் சாயலில் இருக்கிறது. அதனால் அந்த இருக்கைகளில் விழுந்துகொள்ளும். ஆனால் அது ஆள் அல்ல, துண்டு. ‘படு’ என்ற செய்தியை அது அனுப்பாது; அடினோசினையும் உட்கார விடாது. களைப்பு எங்கும் போய்விடவில்லை, படிக்கட்டில் நின்று தொங்கிக்கொண்டு வருகிறது. துண்டு விலகியதும் கூட்டம் மொத்தமாக உட்காரும். சிலருக்கு நான்கைந்து மணி நேரம் கழித்துத் திடீரென்று சோர்வு அமுக்குவது இதனால்.

இதில் ‘எனர்ஜி’ எங்கே? இனிப்பில்லாத டின்னில் கிட்டத்தட்ட எங்குமே இல்லை. உடலுக்கு எனர்ஜி என்றால் கலோரி, அது சோற்றிலும் எண்ணெயிலும் சர்க்கரையிலும் இருப்பது. காஃபீனில் கலோரி இல்லை.

அப்படியானால் சர்க்கரை போட்ட டின்னில் கிக் அதிகம் இருக்குமா? அதுவும் இல்லை. சர்க்கரை சாப்பிட்ட பின் மனநிலை எப்படி மாறுகிறது என்று பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2019இல் வந்தது. உற்சாகம் கூடியதற்குச் சான்று இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் களைப்புதான் கூடியிருந்தது. டாரின், பி வைட்டமின்கள் என்று டின்னில் எழுதியிருப்பவற்றுக்கு ஒரு வரி போதும்: டாரினை நம் உடலே தயாரித்துக்கொள்கிறது, வைட்டமின் குறைபாடு இல்லாதவருக்குக் கூடுதல் பி வைட்டமினால் சுறுசுறுப்பு வராது.

கிக்குக்கு ஒரு கடிகாரம் உண்டு

குடித்த காஃபீன் ரத்தத்தில் உச்சத்தைத் தொடப் பெரும்பாலும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். வயிறு நிறையப் பிரியாணி சாப்பிட்டிருந்தால் இன்னும் தாமதம். குறைவதற்கோ நெடுநேரம். ரத்தத்தில் உள்ள அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரத்துக்கு அரைவாழ்வுக் காலம் என்று பெயர். காஃபீனுக்கு அது பெரியவர்களில் சராசரியாக 5 மணி நேரம். புகை பிடிப்பவர்களுக்குக் குறைவு, கர்ப்பிணிகளுக்கு மிக அதிகம்.

அத்தானின் கணக்கைப் போடுவோம். ஏழரைக்கு 75 மில்லிகிராம். பன்னிரண்டரைக்கு இன்னும் 37 சொச்சம் உள்ளே. ஒரு டம்ளர் டீயைக் குடித்துவிட்டுப் படுக்கையில் ஏறியதற்குச் சமம். “ஒண்ணுமே தெரியல” என்றது வாய். மாடியில் நடந்தது கால்.

அவருக்கு உடனே ‘ஏறியது’ தெரியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர் நாளைக்கு நான்கு காபி. தினமும் துண்டு விழுந்தால் மூளை என்ன செய்யும்? கூடுதல் இருக்கைகளைப் போட்டுவிடும். அப்புறம் அதே அளவு காஃபீன் பழைய நிலைக்குக் கொண்டுவந்து விடவே சரியாக இருக்கும். காபி நிறுத்தி 12 முதல் 24 மணி நேரத்துக்குள் வருகிற தலைவலி இந்தக் கூடுதல் இருக்கைகளின் வேலை. விரத நாளில் மதியத் தலைவலிக்கு வெயிலைத் திட்டுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

அளவு பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆரோக்கியமான பெரியவருக்கு எல்லா வழிகளிலும் சேர்த்து நாளைக்கு 400 மில்லிகிராம் வரை, கர்ப்பிணிக்கு 200 வரை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்ன அளவு. குழந்தைகளுக்கு இந்த டின் வேண்டாம். இதயத் துடிப்புக் கோளாறு, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். வெயிலில் வேலை செய்து வேர்த்துக் கொட்டியவருக்கு வேண்டியது நீரும் உப்பும். மோர் அதைக் கொடுக்கும், இது அதற்கு ஈடாகாது. சர்க்கரை இல்லாததால் பல்லுக்கு நல்லது என்பதும் அரை உண்மைதான். சொத்தைக்குச் சர்க்கரை வேண்டும், ஆனால் பல்லின் மேற்பூச்சை அரிக்க அமிலமே போதும். குடித்த கையோடு பல் விளக்காமல் தண்ணீரால் கொப்பளியுங்கள்.

எப்படிச் சோதிப்பது?

ருசிக்கு ஒரு நேரம், கிக்குக்கு ஒரு நேரம். இரண்டையும் ஒரே உட்காரலில் முடிக்கப் பார்ப்பதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர்.

ருசிக்கு: சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, நன்றாகக் குளிர்ந்த டின்னைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றுங்கள். டின் வாயில் மணம் மேலே வராது. முதல் வாய் சும்மா. இரண்டாவது மூக்கைப் பிடித்து. மூன்றாவது கால் மணி நேரம் கழித்து, கேஸ் இறங்கிய பிறகு. இந்த மூன்றாவது வாயைத்தான் நான் பெரிதாக மதிப்பேன். குளிர்ச்சியும் சுரீரும் போன பிறகும் புளிப்பு சட்டென்று வந்து சட்டென்று போகிறதா, பழம் மணக்கிறதா, விழுங்கிய பின் கசப்பு எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பாருங்கள். கசப்பு பழத்தைவிட நீண்டு நின்றால் அந்த டின்னை நான் மறுபடி வாங்குவதில்லை.

கிக்குக்கு: காலை பத்து மணிவாக்கில், அன்றைய காபியைக் குடிக்காமல். ‘எப்படி இருக்கு?’ என்று மனத்தைக் கேட்டால் அது விளம்பரத்தைத்தான் ஒப்பிக்கும். நாங்கள் பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்துக்கொண்டோம். ஒருவர் ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்துத் திடீரென்று விட வேண்டும்; மற்றவர் விரலால் பிடிக்க வேண்டும். எத்தனையாவது சென்டிமீட்டரில் பிடித்தார் என்பதைப் பத்துத் தடவை குறித்துச் சராசரி போடுங்கள். குடிக்கும் முன் ஒருமுறை, குடித்த ஐந்தாவது நிமிடம் ஒருமுறை, ஐம்பதாவது நிமிடம் ஒருமுறை. இன்னொரு நாள் டின்னுக்குப் பதிலாக நெல்லிச் சாறும் சோடாவும் கலந்து, எது என்று சொல்லாமல் சொம்பில் கொடுத்து அதே சோதனை. அக்கா மகனுக்கு ஐந்தாவது நிமிடத்தில் இரண்டு நாளும் ஒரே கதைதான். நெல்லிச் சோடாவுக்கும் “ஜிவ்வுன்னு கீது மாமா” என்றான். ஐம்பதாவது நிமிடத்தில் டின் குடித்த நாளன்று ஸ்கேலைக் கொஞ்சம் முன்னதாகப் பிடித்தான். ஒரே ஆள், இரண்டே நாள். இதை வைத்துக்கொண்டு நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

உப்புச் சோதனையையும் செய்தோம். அவன் நிறைந்த டம்ளரில் பொடியுப்பை அப்படியே போட்டுவிட்டான். உப்புத் துகள் ஒவ்வொன்றும் வாயுவுக்குப் பிடிமானமாகி, மொத்தமும் நுரைத்துப் பொங்கி மேசையில் ஓடியது. மிச்சம் இருந்ததில் கசப்பு குறைந்திருந்தது, ஆனால் கேஸும் போயிருந்தது. எதனால் எது என்று பிரிக்க வழியில்லை. அடுத்த டின்னில் உப்பை ஒரு ஸ்பூன் தண்ணீரில் தனியாகக் கரைத்து, டம்ளர் ஓரமாக மெதுவாக ஊற்றினோம். பொங்கவில்லை. சுரீர் இருந்தது, புளிப்பு இருந்தது, கசப்பு மட்டும் பின்வாங்கியிருந்தது. டம்ளரை அக்காவிடம் கொடுத்தோம், என்ன செய்தோம் என்று சொல்லவில்லை.

பாதி குடித்துவிட்டு நிமிர்ந்தாள். “இது நம்ம பஸ் ஸ்டாண்டு சோடா இல்ல?”